வராதவளுக்கு மட்டும் வருகிற கடிதம்

இணையத்தில் முதலுதவிப் பாடம் நடத்தும் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, தங்கள் பதினோராயிரம் மாணவர்களில் ஒருத்தி வணங்கி எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். தங்கள் தொண்டை நன்றாக இருக்க வேண்டுமென்று காலைப் பிரார்த்தனையில் தவறாமல் வேண்டிக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான்: என் பெயரை வகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இருபத்தாறு பாடம் கேட்டிருக்கிறேன், தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன், ஒன்றையும் விட்டதில்லை, குக்கர் கத்தினாலும் எழுந்ததில்லை, எங்கள் வீட்டில் நான் கட்டுப் போடாத தலையணை இல்லை. மாடியில் இருக்கும் என் கொழுந்தன் மனைவியும் அதே நாளில்தான் சேர்ந்தாள். மூன்றாம் பாடத்தோடு ஆளைக் காணோம். அவளுக்குப் போடுகிறீர்கள் கடிதம், "அன்பு மாணவியே, நீங்கள் இல்லாமல் வகுப்பே களையிழந்து கிடக்கிறது" என்று! ஒரே வாரத்தில் மூன்று! படியிறங்கி வந்து எனக்கே படித்துக் காட்டுகிறாள். "பாத்தீங்களாக்கா, நான் இல்லாம அவருக்குக் கையும் ஓடல, காலும் ஓடல!" தினமும் வந்தவளுக்கு ஒரு 'சௌக்கியமா' உண்டா? என் வீட்டுக்காரர், "அது மெஷின் அனுப்புறது, வராதவங்கள இழுத்துப் பிடிக்க" என்றார். "மெஷினுக்குமா ஓரவஞ்சனை?" என்றேன். மனிதர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

சரி, நாமும் காணாமல் போய்ப் பார்ப்போம் என்று நாலு நாள் வரவில்லை. மணிக்கொரு தரம் போனைத் திறந்தேன். மின்கட்டணம் கட்டச் சொல்லி வந்ததே தவிர உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. தேறினால் தெருமுனைக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. எனக்கென்று வந்த முதல் வேலை. போனால் போகட்டும். பொறாமை பாவம் என்று எனக்கும் தெரியும். இது பொறாமை இல்லை, நியாயம்.

ஆண்டவன் தங்கள் குடும்பத்துக்கு எல்லா நலமும், அந்த மெஷினுக்குக் கொஞ்சம் நல்ல புத்தியும் தரட்டும்.

இப்படிக்கு,
யாரும் தேடாத மாணவி

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது மாடிக்காரி நோட்டோடு வந்து நின்றாள். "நான் மறுபடி வகுப்புக்குப் போனா, நாலு நாளா உங்க பேரையே காணோமேக்கா, மனசே கேக்கல. உங்களுக்காகத்தான் உக்காந்து நாலு பாடத்தையும் எழுதி வச்சிருக்கேன், பாத்துப் படிச்சுக்கோங்க." அவள் நோட்டைப் பார்த்து நான் படிப்பதா! பெயரை எடுக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஏழாம் பக்கத்தில் தீக்காயத்துக்குத் தப்பாக எழுதியிருக்கிறாள். சொல்லாமல் விடத்தான் நினைத்தேன். ஆண்டவன் பார்க்கிறாரே, திருத்திக் கொடுத்துவிட்டேன். ஆனால் பென்சிலில்தான்.