வெள்ளம் வடிந்த மூன்று நிமிஷம்

கழக்கூட்டத்து ஐ.டி. பார்க்கில் வேலை என்று சொன்னால் போதும், கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாமே நமக்கு அத்துப்படி என்று ஊர் முடிவுகட்டிவிடும். அதை அப்போதே மறுத்துவிட வேண்டும். நான் மறுக்கவில்லை. (அங்கே நான் பார்ப்பது லீவு விண்ணப்பங்களை. இதைத் தெருவில் யாரிடமும் சொன்னதில்லை.)

திருவனந்தபுரம் கோட்டைப் பக்கம், அக்ரஹாரத் தெரு ஒன்றின் பள்ளமான கோடியில் எங்கள் வீடு. அரை மணி நேரம் மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுவதும் எங்கள் வீட்டுக்கு விருந்து வந்துவிடும். ஃப்ரிட்ஜைச் செங்கல்மேல் ஏற்றிவைத்து என் மனைவி உமா மூன்று மழைக்காலத்தைத் தள்ளியிருந்தாள். அந்த வருஷம் வார்டில் ஒரே ஒரு தெருவுக்குத்தான் புது வடிகால். எந்தத் தெரு என்பதை, எங்கள் ரெசிடென்ஸ் அசோசியேஷன் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்துபோன பிறகு கவுன்சிலரம்மா முடிவு செய்வார் என்று தெரிந்தது.

"எழுதிக் கொடுத்தா படிக்க மாட்டா. வீடியோவாக் காட்டணும்" என்றார் அசோசியேஷன் தலைவர் ராமசேஷன் மாமா. "நீ கழக்கூட்டத்துலேன்னா இருக்கே, ஒனக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?"

ஒரு விஷயமே இல்லை என்று தலையாட்டினேன்.

ஒரு மழை நாளில் காலையிலேயே ஃபோனில் எடுக்க ஆரம்பித்தேன். முதலில் காய்ந்த தெருவும் உமா போட்ட கோலமும். பிறகு கணுக்கால் தண்ணீர். பிறகு முழங்கால். நடுநடுவே ஏழெட்டுப் பேர் வாசலில் நின்று முறையிட்டார்கள். எதிர்வீட்டுச் சாரதா மாமி மட்டும் நாலு நிமிஷம். எல்லாம் சேர்ந்து இருபத்திரண்டு நிமிஷம் வந்தது. மாமா அனுமதித்தது மூன்று.

இலவச மென்பொருள் ஒன்றை இறக்கினேன். ஃபோனில் இருந்த கிளிப்புகளை மேலிருந்து கீழாகத் தேர்ந்தெடுத்து, அப்படியே டைம்லைனில் இழுத்துப் போட்டேன். கடைசியாக எடுத்ததைத்தான் ஃபோன் முதலில் காட்டும் என்பது என் மண்டையில் உறைக்கவில்லை. அடுத்தது வெட்டும் வேலை. யார் பேச்சில் எது முக்கியம் என்று கேட்டுப் பார்த்து வெட்ட வேண்டும். எனக்கு ஏது அவ்வளவு பொறுமை? எல்லாருக்கும் சமநீதி என்று, ஒவ்வொரு கிளிப்பின் வலது ஓரத்தையும் பிடித்து இழுத்து, ஆளுக்கு முதல் பதினைந்து விநாடி மட்டும் வைத்துக்கொண்டேன். ஒரு கிளிப்பிலிருந்து அடுத்ததற்குப் பக்கம் புரளுவது போலப் போவதா, பூ விரிவது போலப் போவதா என்று யோசிப்பதிலேயே மிச்ச நேரம் போயிற்று. ஒட்டுப்போட்ட இடங்களை மட்டும் முப்பது தடவை பார்த்திருப்பேன். முழு வீடியோவை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. சினிமாவில் வருகிறதே என்று கடைசியில் கொட்டை எழுத்தில் ‘நன்றி’ என்று வேறு போட்டேன். நான் ஒரு தரம் பார்க்கட்டுமா என்று உமா கேட்டாள். கூட்டத்தில் பார், பிரமித்துப்போவாய் என்றேன். பிரமித்துத்தான் போனாள்.

கூட்டத்தில் விளக்கை அணைத்தார்கள். திரையில் முழங்கால் தண்ணீர். கவுன்சிலர் முகம் சுருங்கியது. நான் உமாவைப் பெருமையாகப் பார்த்தேன். அடுத்து சாரதா மாமி வந்தார். எங்கள் தெருவில் யாரும் புகாரை எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டார்கள். முதலில் கும்பிடு, பிறகு குசலம், பிறகு ரெண்டு நல்ல வார்த்தை. சண்டை அதற்கப்புறம்தான்.

"நமஸ்காரம். கவுன்சிலர் சௌக்கியமா இருக்கணும். நம்மாத்துப் பொண்ணு மாதிரியாக்கும் அவ" என்று மாமி சிரித்தார். உடனே பூ விரிந்தது. தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியது. அடுத்தவர், எப்போது கூப்பிட்டாலும் கவுன்சிலர் ஃபோனை எடுப்பார் என்றார். (எடுத்து என்ன பிரயோஜனம் என்று அவர் கேட்டது பதினாறாவது விநாடியில்.) ஆள் மாற மாறத் தண்ணீர் வடிந்துகொண்டே வந்தது. முடிவில் காய்ந்த தெரு, பளிச்சென்று கோலம், நன்றி.

எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். கவுன்சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார்.

"ஞான் ஒந்நும் செய்திட்டில்லல்லோ. எந்நிட்டும் இத்ர ஸ்நேகம்."

நான் ஒன்றுமே செய்யவில்லையே, அப்படியும் இவ்வளவு அன்பா என்று உருகுகிறார். அவர் ஒன்றும் செய்யவில்லை என்று காட்டத்தான் நாங்கள் இவ்வளவு பாடுபட்டது. அதை அவரே மைக்கில் ஒப்புக்கொண்டுவிட்டார், நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம். ராமசேஷன் மாமா உண்மையைச் சொல்லிவிடுவது என்று எழுந்தார். அவரும் எங்கள் தெருக்காரர்தானே. கும்பிட்டு, குசலம் விசாரித்து, நல்ல வார்த்தைக்கு வருவதற்குள் கவுன்சிலர் அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

வடிகால் பக்கத்துத் தெருவுக்குப் போயிற்று. அவர்கள் நாலு வரி எழுதிக் கொடுத்திருந்தார்களாம். எங்கள் வீடியோ மட்டும் வார்டு முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது. உமாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. நேரே போய் ஃப்ரிட்ஜுக்கு அடியில் இன்னொரு வரிசைச் செங்கல் வைத்தாள். அது சுருக்கென்று தைத்தது.

அவள் கோபம் ஆற ஒரு வருஷம் ஆனது. ஆறிய கோபம் கேலியாகிவிட்டது, அது இன்னும் ஓயவில்லை. இப்போதும் மழையில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறும்போது நான் வாளியைத் தேடிக்கொண்டு ஓடுவேன். உமா கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"ஏன்னா, எதுக்கு இந்த அவசரம்? முழங்கால்தானே ஆயிருக்கு. ஒங்க கணக்குப்படி இனிமே வடியத்தான் செய்யும். கோலமாவை எடுத்து வைங்கோ."