அரை ஊசிக்காரன் போட்ட ஒப்பந்தம்

அன்னைக்குக் காலையில நான் உலகத் தலைவருங்க அத்தனை பேரோடயும் பேச்சை முறிச்சுக்கிட்டேன். வாசல் இஸ்தோப்புல நின்னு, பக்கத்து லயத்து வீடுங்களுக்கும் கேக்கிற மாதிரி சத்தமாவே அறிவிச்சேன்.

"இனிமே அவனுங்க ஒருத்தன்கிட்டயும் பேச மாட்டேன்!"

குசினியில இருந்து என் பொஞ்சாதி சிவசக்தி எட்டிப் பார்த்தா.

"யாருகிட்டங்க?"

"உலகத் தலைவருங்ககிட்ட."

"அது அவங்களுக்குத் தெரியுமா?"

"போகப் போகத் தெரியும்."

"சரி. பேசுற நேரமாச்சும் மிச்சம். வந்து இந்தத் தேங்காயைத் துருவுங்க."

துருவினேன். கோபத்துல துருவினா பூவு நல்லா விழுது, அதையும் சொல்லணும்.

என் பேரு அழகையா. பதுளைப் பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்துல கணக்கப்பிள்ளை. கொழுந்து எடுக்கிற பொம்பளைங்களுக்கு மலையில நின்னு வேலை வாங்கி, சாயங்காலம் கொழுந்தை நிறுத்து, சம்பளக் கணக்குல பேரு போடுறவன். சொன்ன கிலோவுக்குக் குறைஞ்சா முழுச் சம்பளம் கிடையாது, அரைப் பேருதான். சிவசக்தியும் என் மலையிலதான் கொழுந்து எடுக்கிறா. ஒரு நாள் அவளுக்கும் குறைஞ்சிருச்சு. ஊரே பார்த்துக்கிட்டு நிக்குது. பொஞ்சாதின்னு பார்க்காம அரைப் பேரு போட்டேன். நீதின்னா நீதி! அன்னைக்கு வீட்டுல எனக்குச் சோறு கிடைக்கலங்கிறது வேற கதை.

இப்ப என் கோபத்துக்கு வாரேன். இந்தக் கொரோனாவுக்கு மொத மொத இந்தியாவுல இருந்து ஊசி வந்துச்சில்ல, அப்ப தோட்ட வேலையா பதுளைக்குப் போனவன் வரிசையைப் பார்த்து நின்னு போட்டுக்கிட்டு வந்துட்டேன். எங்க லயத்துலயே மொத ஊசிக்காரன் நான்தான். வலிக்காத கையையும் சேர்த்துத் தடவிக்கிட்டே ஒரு வாரம் திரிஞ்சேன். "பார்த்துப் போங்கடா, மேல இடிச்சிராதீங்க"ன்னு சின்னப் பயலுங்களை வெரட்டினேன்.

ரெண்டாவது ஊசிக்கு நாள் வந்துச்சு. ஊசி வரல.

இந்தியா என்னா சொல்லுது? எங்க சனத்துக்கே பத்தல, வெளிய அனுப்ப ஏலாது. சரி, அங்க சனம் கொத்துக் கொத்தா செத்துக்கிட்டு இருக்கு, அவங்க மேல கோபப்படவும் மனசு வரல. அதுவே எனக்குப் பெரிய கோபம். ஐரோப்பா என்னா சொல்லுது? எங்களுக்கு வரவேண்டிய ஊசியை பிரிட்டன்காரன் எடுத்துக்கிட்டான். பிரிட்டன் என்னா சொல்லுது? ஒப்பந்தத்தைப் படிச்சுப் பாரு. இன்னும் சில பணக்கார நாடு ஆளுக்கு நாலஞ்சு ஊசி கணக்குல வாங்கிக் குவிச்சு வச்சிருக்காம். ஆளுக்கு ரெண்டு கைதானேய்யா இருக்கு! மிச்சத்தை எங்க போடுவான்?

இதுக்கிடையில சீனா ஊசி வந்து இறங்கிச்சு. வேலைக்குப் போறவங்க புள்ளைங்களை விட்டுட்டுப் போற எங்க பிள்ளை மடுவத்துல, கொழந்தைங்க உக்கார்ற குட்டிக் கதிரையில பெரியவங்கல்லாம் முழங்காலை மடக்கி உக்காந்து, லயத்துச் சனம் மொத்தமும் ரெண்டு ஊசியையும் போட்டு முடிச்சிருச்சு. எனக்கு மட்டும் கிடையாதாம். ஒண்ணுக்கு மேல இன்னொண்ணைக் கலக்கக் கூடாதாம். மொத ஆளா ஓடினவன் கடைசி ஆளா நிக்கிறேன்.

அன்னைக்குச் சாப்பாட்டுக்கு உக்காந்தா தட்டுல பாதி ரொட்டி.

"என்னாடி இது? மிச்சப் பாதி எங்க?"

"அரை ஊசிக்கு அரைப் பேருதாங்க."

"ஊசி வராததுக்கு நான் என்னாடி செய்வேன்?"

"அன்னைக்கு மழையில கொழுந்து எடுக்க ஏலாததுக்கு நான் என்னாங்க செஞ்சேன்?"

இருந்த பாதியைப் பிச்சு வாயில போட்டுக்கிட்டேன். ரெண்டு கடிக்குக்கூட வரல.

இதையெல்லாம்கூட தாங்கிக்கிட்டேன். ஆனா இந்த நேரம் பார்த்து, கொஸ்லந்தையில வாக்கப்பட்ட என் மக சுதர்ஷினிக்குப் பொம்பளப் புள்ள பொறந்துச்சு. மொதப் பேத்தி! போன்லதான் பார்த்தேன். பாதி நேரம் புள்ள தெரியாது, மருமகனோட கட்டைவிரல்தான் தெரியும். நேர்ல பார்க்க மனசு கெடந்து அடிச்சுக்குது. ஆனா சம்பந்தியம்மா இராக்கம்மா கறாரா சொல்லிட்டாங்க.

"ரெண்டு ஊசியும் போட்டவங்க வாங்க. மத்தவங்க கோவிச்சுக்கிறாதீங்க, பச்ச ஒடம்பு."

முப்பதாம் நாள் பேர் வைக்கிற சடங்கு. பேத்தி காதுல மொத மொதப் பேரைச் சொல்றது நான்தான்னு மருமகன் வீட்டுலயே ஒத்துக்கிட்டாங்க. பேரும் நான்தான் தேடி வச்சிருந்தேன். உலகேஸ்வரி! சொல்லும்போதே ஒரு கம்பீரம் இல்ல?

"அந்தப் பேரைக் காதுல சொன்னா புள்ள எந்திரிச்சு நடந்தே போயிரும்" அப்படின்னு சொன்னா சிவசக்தி. அவளுக்கும் மகளுக்கும் தக்ஷிகான்னு ஒரு பேரு மேல ஆசை.

"பேரு வைக்கிறது தாத்தா உரிமை. அதுல யாரும் தலையிடக் கூடாது."

"தாத்தாவையே உள்ள விட மாட்டேங்கிறாங்க. அப்பறம் என்னா உரிமை?"

அவ சொன்னது உண்மைதான். சடங்குக்கு இன்னும் ரெண்டே நாள். நான் வேலைக்கும் லீவு போட்டுட்டு, காதுல போனை மாட்டிக்கிட்டு, எந்த நாட்டுக் கப்பலாச்சும் மனசு இரங்குதான்னு செய்தி செய்தியா கேட்டுக்கிட்டே கெடந்தேன். லயத்துல இடி விழுந்தாக்கூட எனக்குத் தெரிஞ்சிருக்காது.

மறுநாள் பின்னேரம் சிவசக்தி மலையில இருந்து வந்தா. கொழுந்துக் கூடையை எறக்கினா. மொகத்தைக் கழுவிட்டுத் தொடப்பத்தை எடுத்தா. ரொம்பச் சாதாரணமா சொன்னா.

"ஏங்க, உங்க ரெண்டாவது ஊசிக்கு வழி இருக்கு. நீங்க போட்ட அதே ஊசியை ஜப்பான்காரங்க அனுப்பியிருக்காங்களாம். நாளைக்கு வெள்ளன பதுளைக்குப் போனீங்கன்னா..."

நான் கையைக் காட்டி நிறுத்தினேன். இத்தனை மாசமா உலக அரசியலைக் கரைச்சுக் குடிச்சவன் நான். என்கிட்டயா?

"இரு இரு. சும்மாவா?"

"என்னாங்க சும்மாவா?"

"இந்த உலகத்துல எவனும் ஊசியைச் சும்மா குடுக்கிறதில்ல சக்தி. ஒருத்தன் துறைமுகம் கேப்பான், ஒருத்தன் ரோடு கேப்பான், ஒருத்தன் ஓட்டுக் கேப்பான். சுத்தி வளைக்காத. உன் நிபந்தனை என்னா?"

அவ என்னைய ஒரு மாதிரி பார்த்தா. வாயைத் திறந்தா, மூடினா. அப்பறம் தொடப்பத்தை ஒரு ஓரமா சாத்தி வச்சுட்டு, முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு என் முன்னால உக்காந்தா.

"கண்டுபுடிச்சிட்டீங்களே!"

"பின்ன? யாருன்னு நெனச்ச?"

"சரி, கேட்டுக்குங்க. புள்ளைக்குப் பேரு தக்ஷிகா."

"ஐயோ!"

"அதை நீங்கதான் காதுல சொல்லணும். சிரிச்ச மொகமா சொல்லணும்."

"அது அநியாயம். பேரை ரெண்டாப் பிரிச்சுக்குவோம். தக்ஷிகா உலகேஸ்வரி."

"அப்ப ஊசி இல்ல."

"உலகேஸ்வரி தக்ஷிகா?"

"வேணாம்னா விடுங்க. எனக்கொண்ணும் அவசரமில்ல. நான் நாளைக்குக் காலையில கொஸ்லந்தைக்குப் போயிருவேன், ரெண்டு ஊசிக்காரி. பின்னேரம் சடங்கு. உங்களுக்குப் போன்ல காட்டுறேன்."

மருமகனோட கட்டைவிரல் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. ஒத்துக்கிட்டேன். அதோட விட்டாளா? தீவாளி வரைக்கும் காலைத் தேத்தண்ணி நான் போடணும். கொழுந்து குறைஞ்சா, ஏன் குறைஞ்சுச்சுன்னு கேட்டுட்டுத்தான் எவளுக்கும் அரைப் பேரு போடணும். எல்லாத்துக்கும் தலையை ஆட்டினேன். கஷ்டமான பேச்சுவார்த்தைதான். ஆனாலும் உள்ளுக்குள்ள ஒரு பெருமை. பெரிய பெரிய நாடெல்லாம் மாசக்கணக்குல இழுத்தடிச்சதை நான் ஒரு தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள முடிச்சிட்டேன்ல!

விடிய வெள்ளன பதுளைக்கு பஸ் ஏறினேன். ஊசி போடுற பள்ளிக்கூடத்துக்குப் போனா, கேட்டுக்கு வெளிய ரோடு வரைக்கும் வரிசை. இத்தனை பேரும் பொஞ்சாதிகிட்ட ஒப்பந்தம் போட்டவங்களான்னு எனக்கு ஒரே ஆச்சரியம். முன்னால நின்னவரு தெரிஞ்ச ஆளு, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல புடவைக்கடை வச்சிருக்கிற மிப்ரான். காதுகிட்ட போய் மெதுவா கேட்டேன்.

"உங்களுக்கு யாரு மூலமா கிடைச்சுச்சு?"

"என்ன யாரு மூலமா? மொத ஊசி போட்ட எல்லாருக்கும் வரச் சொல்லி ஈக்கிறாங்க."

"எல்லாருக்குமா?"

"மூணு நாளா ஆட்டோவுல ஸ்பீக்கர் கட்டி ஊரெல்லாம் கத்திட்டு ஈக்கிறாங்களே கணக்கப்புள்ள! உங்கட தோட்டத்துப் பக்கம் வரல்லியா?"

வந்திருக்கும். நான்தான் காதுல ஐரோப்பாவை மாட்டிக்கிட்டு இருந்தேனே. ஊசி குத்தினதுகூட எனக்குத் தெரியல. மனசு அவ்வளவு வலிச்சுச்சு.

பண்டாரவளையில பஸ் மாறி, வலிக்கிற கையைப் பிடிச்சுக்கிட்டுக் கொஸ்லந்தைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒப்பந்தம் ரத்து! உலகேஸ்வரிதான்! வழி நெடுக மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே போனேன். வீடு நெறைய சனம். நடுவுல சிவசக்தி, மடியில புள்ள. பக்கத்துல போய்ப் பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னேன்.

"அந்த ஒப்பந்தம் செல்லாது."

"அப்படியா? போட்ட ஊசியைத் திருப்பிக் குடுத்துட்டு வாங்க, பேரை மாத்திருவோம்."

அதுக்குள்ள சம்பந்தியம்மா, "தாத்தா வந்துட்டாரு, தாத்தா வந்துட்டாரு"ன்னு புள்ளையைத் தூக்கி என் கையில குடுத்துட்டாங்க. ஊசி போட்ட கையிலயே ஏந்திக்கிட்டேன். கொஞ்சூண்டு மொகம். கண்ணைத் தொறந்து என்னையப் பார்த்துச்சு. அவ்வளவுதான், உலகமும் மறந்துபோச்சு, ஈஸ்வரியும் மறந்துபோச்சு. தக்ஷிகா, தக்ஷிகா, தக்ஷிகான்னு மூணு வாட்டி காதுல சொன்னேன். சிரிச்ச மொகமாத்தான் சொன்னேன், ஆனா கண்ணுல தண்ணி நிக்கல.

எல்லாரும் கற்கண்டு எடுக்கப் போன நேரம், மனசு ஆறாம அவகிட்ட குனிஞ்சு கேட்டேன்.

"ஊருக்கே சும்மா குடுத்த ஊசிக்கு, கட்டின புருசன்கிட்ட இவ்வளவு வெலயா வாங்குவ?"

சிவசக்தி பேத்தியோட போர்வையைச் சரி பண்ணிக்கிட்டே சொன்னா.

"நானும் சும்மாதாங்க சொல்ல வந்தேன். வெல கேட்டது நீங்கதானே?"