மந்திரி நமக்குத் தெரிஞ்ச ஆளுதான்

உலகத்தில் பெரிய மனிதர்கள் கொஞ்சம் பேர். அவர்களைத் தெரிந்த மனிதர்கள் கோடிப் பேர். நான் பேசப் போவது இந்த இரண்டாவது ரகத்தைப் பற்றி. தள்ளி நின்று பாருங்கள். கிட்டே போனால் உங்கள் தோளிலும் கையைப் போட்டு, "நம்ம ஆளு" என்றுவிடுவார்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இந்த ரகத்துக்குத் தலைவர் நாகலிங்கம் அண்ணன். கண்டியை ஆண்ட கடைசி ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தது இவருடைய பூட்டனாம். படங்களில் காந்தி பிடித்திருக்கும் தடி, எங்கள் மேல்மலையில் இவருடைய தாத்தா வெட்டிக் கொடுத்ததாம். இரத்தினபுரிக்கு இரத்தினக்கல் வாங்க வந்த சினிமா நடிகை, வியாபாரிகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, "அண்ணே, நீங்க பாத்துச் சொன்னாத்தான் வாங்குவேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாளாம். உலகக் கிண்ணம் ஜெயித்த வருஷம், கொழும்பில் ஒரு வீரர் அடித்த சிக்ஸர் நேரே பறந்து வந்து இவர் முதுகில் இருந்த கொழுந்துக் கூடையில் விழுந்ததாம். கொழும்பு எங்கே, மலையில் எங்கள் பலாங்கொடை எங்கே என்று கேட்பீர்கள். காற்று அப்படி!

பஸாரில் டீக்கடை வைத்திருக்கும் மஹ்ரூப் ஒருநாள் மடக்கப் பார்த்தார்.

"நாகலிங்கண்ணே, வெள்ளக்காரன் ராஜாவ புடிச்சுக்கிட்டுப் போனப்ப ஒங்க ஆளுக இந்தியாவுலருந்து இங்க வரவே இல்லியே. தேயிலயே அப்புறந்தானே வந்துச்சி?"

"அதான் நானும் சொல்றேன் மொதலாளி. மத்தவங்க எல்லாம் தேயிலைக்கு வந்தாங்க. எங்க பூட்டன் வெத்தலைக்கு வந்தாரு."

இந்த ஆளை எப்படி மடக்குவீர்கள்?

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த வருஷம் மழையில் ரோடு அரித்து, பஸ் கீழே தேயிலை பாக்டரியோடு திரும்பிப் போக ஆரம்பித்தது. பிறகு ரோட்டைச் சரிசெய்தார்கள். பஸ் மட்டும் மேலே வரவில்லை. நாகலிங்கம் அண்ணனின் மகள் ஷாமிளா அப்போது நிறைமாசம். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் கொழுந்து லொறியில், சாக்குகளுக்கு நடுவில், சாக்கோடு சாக்காகத்தான் போக வேண்டும்.

இந்த நேரத்தில்தான் நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் கட்டிய புதுக் கக்கூஸ் வரிசையைத் திறந்து வைக்க மந்திரி வருகிறார் என்று செய்தி வந்தது.

"மந்திரியா? நமக்குத் தெரிஞ்ச ஆளுதான்," என்றார் அண்ணன். "நான் சொன்னா பஸ்சு வூட்டு வாசலுக்கே வரும்."

அவருடைய சம்சாரம் வெள்ளையம்மா நிமிர்ந்து பார்த்தது. "இந்தா பாருங்க, இதுல வெளையாடாதீங்க. புள்ள உசிரு."

"நீ சும்மா இரு புள்ள. பஸ்சு வந்துருச்சின்னு வச்சுக்க."

மந்திரி வந்தார். மாலையோடு அண்ணனை முன்னால் தள்ளினோம். இன்றைக்கு இந்த மனிதர் மாட்டினார் என்று தோட்டமே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

மந்திரி என்ன செய்தார் தெரியுமா? அண்ணனைக் கட்டிப் பிடித்தார்! அவர் பேசியது சிங்களம். நான் தமிழில் சொல்கிறேன்.

"அடடே, நம்ம ஆளு! எவ்வளவு நாளாச்சு! அம்மா சுகமா?"

அண்ணன் ஒரு நொடி முழித்தார். ஒரே நொடிதான்.

"சுகம் சேர்! ஒங்களத்தான் எந்நேரமும் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

"அன்னைக்கு உங்க வீட்டுல சாப்பிட்ட பலாக்காய்க் கறி இன்னும் நாக்குல இருக்கு."

"ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டீங்களே சேர்!"

ஒரே இனத்துப் பறவைகள் இரண்டு ஒரே கிளையில் உட்கார்ந்தால் எப்படியிருக்கும்? நடக்காத கல்யாணம், போகாத திருவிழா, பிடிக்காத மீன் என்று இரண்டு பேரும் பேசிப் பேசிக் கண் கலங்கினார்கள். ரிப்பனை வெட்டினார்கள். கக்கூஸ் வாசலில் தோளோடு தோள் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். மந்திரி ஜீப்பில் ஏறினார். அண்ணன் கை காட்டிக்கொண்டே நின்றார். பஸ்? அது யார் ஞாபகத்தில் இருந்தது?

வெள்ளையம்மா ஞாபகத்தில் இருந்தது. விறுவிறென்று போய் ஜீப்புக்கு முன்னால் நின்றது.

"மாத்தயா, எங்க மாமியா செத்து வருசக்கணக்காச்சு. என் மக உசிரோட இருக்கா, நிறைமாசம். பஸ்சு எப்ப மேல வரும்?"

ஜீப் உறுமுவதை நிறுத்தியது. மந்திரியின் முகம் அவித்த மரவள்ளிக் கிழங்கு மாதிரி வெளுத்தது. பக்கத்தில் இருந்த செக்ரட்டரியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் வெள்ளையம்மாவைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை வரும்," என்றார்.

வந்தது! ஷாமிளா ராணி மாதிரி முன் சீட்டில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போய், ஆண் பிள்ளை பெற்று, அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள். "வயித்துக்குள்ள இருக்கயிலேயே மந்திரியப் பாத்த பய!" என்று அண்ணன் பேரனைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாகப் போனார்.

அவர் மட்டுமா? இப்போது அந்தப் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். "அன்னைக்கு ஜீப்ப மறிச்சது நாந்தான்" என்கிறவர்கள் மட்டுமே ஒரு பஸ் நிறைய. ஜீப்பை இத்தனை பேர் மறித்திருந்தால் மந்திரி இன்னும் எங்கள் தோட்டத்தில்தான் இருப்பார். வெள்ளையம்மாவுக்கு உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வருகிறது.

நீங்கள் என்ன, பக்கத்தில் இருப்பவரின் முழங்கையை இடித்து, "இந்த நாகலிங்கத்த எனக்கு நல்லாத் தெரியுமே!" என்று ஆரம்பிக்கிறீர்களா? வாங்க, ஏறுங்க. கொஞ்சம் நெருக்கி உட்காருங்கள். உங்களுக்குப் பின்னால் இன்னும் நிறையப் பேர் ஏற வேண்டும்.