‘மறு’ என்றொரு பொத்தான்

மதிப்பிற்குரிய மச்சான் அழகுராஜா அவர்களுக்கு,

தங்கள் தங்கை ரோகிணியின் கணவன் முத்திருளன் வணங்கி எழுதிக்கொள்வது. கே.கே. நகர் வீட்டில் ரோகிணியும் பாப்பாவும் நலம். டி. கல்லுப்பட்டி ஆபீசில் நானும் நலம். வீட்டுக் கம்ப்யூட்டர் நலமா இல்லையா என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பாப்பாவின் காதணி விழா அழைப்பிதழில் தாய்மாமனான தங்கள் பெயரே இருக்காது. இதை யாராவது சொல்லித் தாங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள், அதனால் கடிதம்.

அச்சகக்காரர் காளையிடம் முதலில் கொடுத்ததில் தங்கள் பெயர் விடுபட்டுப் போனது உண்மை. அதைக் கண்டதும் பதறிப்போய், தங்கள் பெயரைப் பெரிய எழுத்தில் எல்லோருக்கும் மேலே போட்டுத் திருத்தி வைத்தேன். திருத்தியது வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது. இன்று காலை காளை, “மத்தியானத்துக்குள்ள வரலைன்னா கையில இருக்கிறத ஓட்டிருவேண்ணே” என்றார். ரோகிணிக்குப் போன் போட்டு, நீயே அனுப்பிவிடு என்றால், “எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க” என்கிறாள். சரி, ஆபீசிலிருந்தே வீட்டுக் கம்ப்யூட்டரை இயக்கும் வசதி ஒன்று போட்டு வைத்திருக்கிறேனே, திரையில் தெரியும் நம்பரை மட்டும் சொல் என்றேன். என் செல்லில் சார்ஜ் இல்லாமல் ஆபீஸ் போனிலிருந்து பேசியது தப்பாகப் போயிற்று. “நம்பர் கேட்டா சொல்லக்கூடாதாம். குரல மாத்திப் பேசி ஏமாத்துறாகளாம். நீங்க எங்க வீட்டுக்காரர்தான்னா, என் கல்யாணத்துக்கு எங்கண்ணன் என்ன சீர் செஞ்சாருன்னு சொல்லுங்க” என்றாள். கட்டில், பீரோ, மெத்தை என்றேன். “கிரைண்டர விட்டுட்டீக. அப்ப எங்க வீட்டுக்காரரேதான்” என்று நம்பரைச் சொன்னாள்.

நம்பரைப் போட்டேன். அங்கே திரையில் ‘ஏற்க’, ‘மறு’ என்று இரண்டு பொத்தான் வருமாம். வந்தது. அழுத்தினாள். என் பக்கம் இணைப்பு அறுந்தது. திரும்பப் போட்டேன், திரும்ப அறுந்தது. ஒயரை ஆட்டினேன், ஆபீஸ் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன், நெட் கம்பெனிக்காரனிடம் கத்தினேன், மானேஜர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில், எதைத்தான் அழுத்துகிறாய் என்று கேட்டால், “மறுதான். விட்டுப்போச்சுன்னா மறுபடி போடணும்ல?” என்கிறாள். அடியே, மறு என்றால் மறுக்கிறது என்றேன். “அப்ப நம்ம மறுவீட்டுக்குப் போனமே, வீட்ட மறுக்கவா போனோம்? மறுநாள்னா? மறுசோறுன்னா?” என்றாள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது மச்சான். ஒரு வழியாக அவளே ‘ஏற்க’ அழுத்தி, வீட்டுத் திரை என் கண்ணுக்குத் தெரிந்த நேரம் பார்த்துக் காளை போன் செய்து, “மெஷின் ஓட ஆரம்பிச்சிருச்சுண்ணே” என்றார்.

ஆக, குற்றம் கம்ப்யூட்டருடையது, கொஞ்சம் தமிழுடையது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து இல்லாததால் இந்தக் கடிதத்தையும் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் இங்கிருந்தபடியே அடிக்கிறேன். மனதில் வைத்துக்கொள்ளாமல் வாருங்கள். பாப்பா தங்கள் மடியில் உட்காராமல் காது குத்த முடியுமா? அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
முத்திருளன்

பி.கு.: அண்ணே, இது ரோகிணி. இவுக அங்க அடிக்க அடிக்க இங்க திரையில எழுத்து தன்னால ஓடுச்சு. உக்காந்து அம்புட்டையும் படிச்சேன். திருத்தினதா சொல்றாகளே, அத நான் காலையிலயே தொறந்து பார்த்தேன். மேல பெரிய எழுத்துல இவுக அண்ணன் பேரு. உன் பேரு அடியில, மண்டபத்துக்கு வழி போட்டிருக்கே, அதுக்கும் கீழ. நான் உன் பேர மேல ஏத்தி, அப்பவே காளை அண்ணனுக்கு அனுப்பிட்டேன். மெஷின்ல ஓடுறது அதுதான். அது ஓட ஆரம்பிக்கிற வரைக்கும் இவுகள உள்ள விடக்கூடாதுல்ல? மறுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதாக்கும். இப்ப திரையில இவுக அம்புக்குறி இதை அழிக்க வருது. முந்திக்கிட்டு அனுப்பிர்றேன். கிரைண்டர் நல்லா ஓடுதுண்ணே.