நாறாத கியர் ஆயில்

ஒரு தொழிலில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன் அடுத்த தொழிலில் மூக்கை நுழைக்காமல் இருக்கமாட்டான். நான் நிஜமாகவே மூக்கைத்தான் நுழைத்தேன். அதனால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பீங்கான் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். ஜாடி, பொம்மை வார்ப்பதற்குக் களிமண்ணைக் கூழாகக் கரைத்து வைப்பார்கள். அந்தக் கூழைச் சோதிப்பது என் வேலை. விரலை விட்டு எடுத்து, அது ஒழுகும் விதத்தைப் பார்ப்பேன். பிறகு முகர்வேன். நாறினால், "கெட்டுப்போச்சு, கொட்டு" என்பேன். முதலாளிகூட மறுபேச்சுப் பேசமாட்டார். (இருபத்தாறு வயதில் இது தலைக்கு ஏறாமல் என்ன செய்யும்?)

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. கம்பெனியின் பிக்கப் வேனில், பின் சக்கரங்களுக்கு நடுவே உருண்டையாகத் தொங்குமே, அந்த டிஃபரன்ஷியலில் ஆயில் ஒழுகியது. டிரைவர் அந்தோணி அண்ணன் ஒழுகலை அடைத்து, பழைய ஆயிலை வடித்துவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்தபடியே சொன்னார்:

"சார், கடைத்தெருவுக்குத்தானே போறீங்க? பின்னாடி போடுற கியர் ஆயிலுன்னு கேட்டு ஒரு டின்னு வாங்கியாந்துடுங்க. கடைக்காரருக்குத் தெரியும்."

கடைக்காரருக்குத் தெரிந்துதான் இருந்தது. கேட்டவுடன் ஒரு டின்னை எடுத்து வைத்தார். நான் சும்மா வாங்கி வந்திருக்கலாம். மூடியைத் திறக்கச் சொன்னேன். அழுகிய முட்டை நாற்றம் அடித்தது.

"கெட்டுப்போச்சுங்க இது."

"இல்லீங்க சார், கந்தகம் கலந்தது. இது அப்படித்தான் நாறும்."

"யாருகிட்ட சொல்றீங்க? எனக்கு இதுதாங்க வேலையே. அது என்ன, அந்தப் பெரிய டின்னு?"

அதைத் திறந்தார். தேன் மாதிரி இருந்தது. விரலை விட்டேன், கெட்டியாக, நூல் பிடித்தாற்போல ஒழுகியது. வாசனையே இல்லை. அது வேறு ஏதோ மெஷினுக்கு உரியது என்று அவர் சொல்லச் சொல்ல, அதையே வாங்கி வந்து, அண்ணன் டீ குடிக்கப் போன நேரத்தில் நானே ஊற்றியும் முடித்துவிட்டேன். மாப்பிள்ளை கையால் ஊற்றினால் ராசி என்று வேறு ஒரு நினைப்பு.

நாலைந்து நாளில் அண்ணன் வந்து, "பின்னாடி ஊளையிடுற மாதிரி சத்தம் கேக்குது சார்" என்றார். "புது ஆயில், பழகணும்ண்ணே" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த வாயில் நாலு போடலாம் போலிருக்கிறது.

பெண் ஸ்ரீமுஷ்ணத்து வாத்தியார் மகள், ராஜம். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. முதல் நாளே வந்துவிடும்படி மாமனார் எழுதியிருந்தார். சொந்த வண்டி மாதிரி வேன் இருக்கும்போது எதற்கு அவசரம் என்று பதில் எழுதியவனும் நானே. காலையில் பட்டு வேட்டியோடு முன்னால் நான், மடியில் தாலிப் பெட்டியோடு அம்மா, பின்னால் சொந்தக்காரர்கள். பாதி வழியில் ஊளை அலறலாக மாறியது. அப்புறம் 'டமார்' என்றது. பின் சக்கரங்கள் பூட்டுப் போட்டது போல நின்றுவிட்டன.

அண்ணன் அடியில் புகுந்து திருகைக் கழற்றி விரலை விட்டார். முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"சார், நாத்தத்தையே காணுமே?"

"நாறுனத வேணாம்னு சொல்லிட்டேன்ண்ணே."

"அந்த நாத்தந்தான் சார் உள்ள இருக்குற கியர் பல்லைக் காப்பாத்துறது! எல்லாம் நொறுங்கிப் போயிருக்குது."

அம்மா என்னைப் பார்த்தாள். "நல்ல நாளும் அதுவுமா ஏண்டா இப்படிப் பண்ணிட்ட?" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்; அழுதாள். வந்த ஒரே பஸ்ஸும் கூட்டத்தைக் காட்டி நிற்காமல் போனது. கடைசியில், விருத்தாசலத்தில் களிமண் இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிக்கொண்டிருந்த மாட்டு வண்டிதான் நின்றது. மற்றவர்களை வேனோடு விட்டுவிட்டு நானும் அம்மாவும் ஏறினோம். ஒன்பது அடித்திருக்கும். பத்து அடித்திருக்கும். மாடுகளுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. பத்தரை தாண்டியதும் அம்மா தாலிப் பெட்டியின் மேல் கவிழ்ந்து அதை மறைத்துக்கொண்டாள். இறங்கி எங்கேயாவது ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டுக்குக் கொஞ்சம்தான் இருந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். மாப்பிள்ளை ஓடிப்போய்விட்டான் என்று முடிவு கட்டி, ராஜத்தின் மாமன் மகனைக் குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டி உட்கார வைத்திருந்தார்கள். தலை முதல் கால் வரை வெள்ளைக் களிமண்ணாக நான் வந்து நின்றதும், அவன் முகத்தில் வந்த நிம்மதியை என்னால் மறக்க முடியாது. ஐயர்தான், "உச்சிவேளை தோஷமில்லை, உட்காருங்கோ" என்று என்னைக் காப்பாற்றினார்.

தாலி கட்டி முடித்ததும் ராஜம் குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்: "என்னதாங்க ஆச்சு?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "ஆயில் நாறுச்சு. கெட்டுப்போச்சுன்னு நெனச்சுட்டேன்" என்றேன்.

அப்போது அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கும் சேர்த்து இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போன வாரம்கூட மாவுப் பாத்திரத்தை முகர்ந்துவிட்டு, புளித்துப்போய்விட்டது, கொட்டிவிடு என்று மருமகளிடம் சொன்னேன். அவளும் பாத்திரத்தைத் தூக்கிவிட்டாள்.

உள்ளேயிருந்து ராஜத்தின் குரல் வந்தது: "மோந்து பாத்தது உங்க மாமாவா? அப்ப மாவு நல்லாத்தான் இருக்கும். தோசைய ஊத்தும்மா."