நாலு இன்ச் உசந்த மாரிக்கண்ணன்

வண்டியைத் தூக்குகிறவர் என்று ஓர் இனம் உண்டு. பள்ளத்தில் சரிந்த வண்டியை ஊரோடு சேர்ந்து தோள்கொடுத்துத் தூக்கிவிடுகிற புண்ணியவானைச் சொல்லவில்லை. நூறு இன்ஜினியர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டு, இவ்வளவு உயரம் போதும் என்று முடிவு செய்து அனுப்பிய வண்டியை, அடியில் கட்டையும் புதுச் சுருள்வில்லும் கொடுத்து இன்னும் நாலு இன்ச் உயர்த்தினால்தான் தனக்குச் சாப்பாடு இறங்கும் என்று நம்புகிறவரைச் சொல்ல வந்தேன்.

இவரை அடையாளம் காண்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. நீங்கள் போய் நின்றால் உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். நீங்கள் வந்து இறங்கிய வண்டியின் வயிற்றைக் குனிந்து பார்ப்பார். சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் அளவு டேப் இருக்கும். போன மாதம் போட்டு இன்னும் கறுப்பு மாறாத தார்ச்சாலையைக் காட்டி, "இதெல்லாம் ஒரு ரோடா வே?" என்பார். உங்களுக்கு அது ரோடுதான். அவருக்கு அது இமயமலை.

சங்கரன்கோவிலில் உரக்கடை வைத்திருக்கும் மாரிக்கண்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். வயது நாற்பத்தாறு. முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் மூட்டை ஏற்றலாம் என்கிற மாதிரி ஒரு பெரிய பிக்கப் வைத்திருந்தார். நல்ல வண்டி. வீட்டிலிருந்து கடை ஒன்றரை கிலோமீட்டர்; அந்த வழியில் மனித முயற்சிக்குச் சவாலாக இருந்தது பள்ளிக்கூடத்தின் முன்னால் உள்ள வேகத்தடை ஒன்றுதான். வாரத்தில் ஒருநாள் திருவேங்கடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன்னுடைய கரிசல் காட்டுக்குப் போவார். தார் ரோடு முடிந்து அரைக் கிலோமீட்டர் மண்பாதை. அதிலும் மழை பெய்தால் மட்டும்தான் தொல்லை. அந்தச் சீமையில் மழை எத்தனை நாள் பெய்யும் என்று உங்களுக்குத் தெரியாதா?

ஆனால் ஒரு சனியன் பிடித்த மத்தியானம் யாரோ ஒருவன், எங்கேயோ ஒரு மணல்மேட்டில், கால் உயர்த்திய பிக்கப்பை ஓட்டி ஏறுகிற வீடியோவை மாரிக்கண்ணன் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். பதினொரு வாரம் கடையில் வியாபாரம் நடந்ததா என்பது தெய்வத்துக்குத்தான் வெளிச்சம். யூரியா கேட்டு வந்த சம்சாரிகளிடம் ஷாக் அப்சார்பரைப் பற்றிப் பாடம் நடத்தினார். கத்தரிக்காயில் பூச்சி விழுந்துவிட்டது என்று இலையோடு வந்து நின்றவரிடம், "எலைய வுடும் வே, ஸ்பேசர் கட்டை வச்சித் தூக்குறது நல்லதா, முழு செட்டையும் மாத்துறது நல்லதா? நீரு என்ன நெனைக்கீரு?" என்று கேட்டார். அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, வேறு கடைக்குப் போய் மருந்து வாங்கினார்.

சிவகிரியில் ஒரு கல்யாணம். மாரிக்கண்ணன் பட்டு வேட்டியோடு போனார். தாலி கட்டும்போது கெட்டிமேளம் கேட்டது. மாரிக்கண்ணன் மண்டபத்துக்கு வெளியே மாப்பிள்ளையின் மாமா காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார்.

தேர்ந்தெடுப்பது என்பது இவர்களுக்கு ஒரு தவம். இரண்டு இன்ச்சா, மூன்றா, நாலா? இரவும் பகலும் ஒப்பிட்டார், குறித்தார், அடித்தார், கம்பெனிகளுக்குப் போன் போட்டு அவர்களுக்கே தெரியாததைக் கேட்டார். கடைசியில் நாலு என்று முடிவானது. ஏன் நாலு? அதற்கு ஏழெட்டுத் தொழில்நுட்பக் காரணங்களை ஒப்பிப்பார். எல்லாம் பொய். ராயகிரியில் சிமெண்ட் கடை வைத்திருக்கும் பேச்சிராஜ் தன்னுடைய பிக்கப்பை இரண்டு இன்ச் உயர்த்தியிருந்தான். பேச்சிராஜ் யார்? மாரிக்கண்ணனின் மனைவி கனகலட்சுமி இருக்கிறாளே, அவள் தங்கை புருஷன். சகலை. இனி விளக்கவேண்டுமா?

ராஜபாளையம் ரோட்டில் நியாஸ் அகமதின் பட்டறை. இருபத்திரண்டு வருஷமாக வண்டிகளின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷன். மாரிக்கண்ணன் செல்போனில் படத்தைக் காட்டி, "இத அப்படியே போட்டுத் தரணும்" என்றார். நியாஸ் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தான்.

"அண்ணாச்சி, மூட்டை ஏத்துனா பின்னால அமுங்குதுன்னா சொல்லுங்க. பின்வீல் வில்லுப் பட்டையில ஒரு தகடு சேத்து, ஒரு இன்ச் எடுத்துத் தாரேன். அதுக்கு மேல வேண்டாம்."

"ஒரு இன்ச்சா? டயர்ல காத்து அடிச்சாலே ஒரு இன்ச் வருமே வே!"

"காட்டுல சிக்குறது எது அண்ணாச்சி? பின்னால அச்சுல உருண்டையா தொங்குதுல்லா, அதான் மண்ணுல போய் உக்காரும். நீங்க பாடிய வானத்துக்குத் தூக்குனாலும் அது அங்கனயேதான் கெடக்கும். போதாக்கொறைக்கு உங்க வண்டிக்கு பின்வீல் மட்டுந்தான் இழுக்கும். கரிசல் நனைஞ்சா எருமையே நின்னு யோசிக்கும்."

"வீடியோல ஏறுதான்லா?"

"ஏறுறதக் காட்டுதான். பொறவு டிராக்டர் கூப்புடுறதக் காட்டமாட்டான்."

மாரிக்கண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. பரிதாபச் சிரிப்பு. "நியாஸ், நீ நல்ல மெக்கானிக்கு. ஆனா நீ அப்டேட் ஆவல" என்றார். பதினொரு வாரம் படித்தவர், இருபத்திரண்டு வருஷம் படித்தவனுக்குச் சொன்ன அறிவுரை இது. நியாஸ், "எனக்கு மனசு வரல அண்ணாச்சி. வேற எங்கயும் போட்டுக்கிடுங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

வேறு எங்கும் கிடைக்காதா என்ன? மறுக்கத் தெரியாத கடைகளால்தானே உலகம் நிரம்பியிருக்கிறது. வெளியூரில் ஒன்று கிடைத்தது. பழைய சுருளை எடுத்தார்கள், புதுச் சுருளை வைத்தார்கள், கட்டை கொடுத்தார்கள், நீளமான ஷாக் அப்சார்பர் மாட்டினார்கள். மாரிக்கண்ணன் இரண்டு நாள் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டையும் படம் எடுத்தார். அவர் மகள் சண்முகப்ரியா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அரைமணி நேரம் உட்காரப் பொறுமையில்லாமல் டீ குடிக்கப் போனவர் என்று கனகலட்சுமி இன்றைக்கும் சொல்லுவாள்.

வண்டி சங்கரன்கோவிலுக்குள் வந்த காட்சி இருக்கிறதே! எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள். மரியாதையால் அல்ல, உயர்ந்துபோன ஹெட்லைட் நேராகக் கண்ணில் அடித்தது. கடை வாசலில் நிறுத்தினார். இறங்கவேண்டும். காலைத் தொங்கவிட்டார், தரை வரவில்லை. இன்னும் தொங்கவிட்டார். வேட்டி கதவுப்பிடியில் மாட்டிக்கொள்ள, மாரிக்கண்ணன் தரைக்கு வந்தார், வேட்டி வண்டியிலேயே இருந்தது. மறுநாளிலிருந்து பேண்ட்.

கனகலட்சுமிக்குத் தபால் ஆபீஸில் வேலை. மூட்டுவலிக்காரி. ஏறுவதற்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கி வைத்தார் புருஷன். அவள் ஒருநாள் ஏறினாள், ஒருநாள் இறங்கினாள், மூன்றாம் நாள் டவுன் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

"வண்டிக்கு நாலு இன்ச் போட்டியளே, அந்தக் கடையிலயே என் காலுக்கும் நாலு இன்ச் போடச் சொல்லியிருக்கலாம்லா?"

"ஒனக்கு இதோட அரும தெரியாது. ஆபத்து அவசரம்னு வந்தா அப்பத் தெரியும்."

ஆபத்தும் வந்தது, அவசரமும் வந்தது.

ஐப்பசி மாதம். இரண்டு நாள் நல்ல மழை. மூன்றாம் நாள் வெளுத்தது. மக்காச்சோளத்தில் களையெடுக்கப் பிச்சம்மாளும் இன்னும் ஐந்து பெண்களும் காட்டில் நின்றார்கள். பிச்சம்மாள் அந்தக் காட்டில் பல வருஷமாக வேலை செய்கிறவள். உரம் ஏற்ற இறக்கவும் அவள்தான். வண்டி உயர்ந்த புதிதில், "அண்ணாச்சி, இனி மூட்டையத் தூக்கவா, எறியவா?" என்று கேட்டவளும் அவள்தான்.

மாரிக்கண்ணன் வந்தார். வழக்கமாகத் தார் ரோட்டிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வருவார். அன்றைக்கு நடப்பாரா? பாதைக்குள் விட்டார். பாதையில் பழைய சரளை கொஞ்சம் கிடந்ததால் வண்டி வழுக்கி வழுக்கி வந்து சேர்ந்துவிட்டது. இறங்காமல் கண்ணாடியை இறக்கி, "பாத்தியளா?" என்றார். பெண்கள் பார்த்தார்கள். போதாதா? போதவில்லை. பாதையை விட்டு, காலியாகக் கிடந்த பக்கத்து உழவு நிலத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டலாம் என்று திருப்பி உள்ளே இறக்கினார்.

அந்த நேரத்தில்தான் பிச்சம்மாள் கத்தினாள். வலது கணுக்காலில் பாம்பு.

மாரிக்கண்ணனின் வாழ்க்கை இதற்காகத்தானே காத்திருந்தது! "ஏத்துங்க, ஏத்துங்க, பத்து நிமிசத்துல ஆஸ்பத்திரி!" என்றார். நடக்கவிடக் கூடாது என்று நாலு பெண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கதவு அவர்கள் நெஞ்சுக்கு இருந்தது. முதல் முறை தூக்கினார்கள், எட்டவில்லை. இரண்டாம் முறை பிச்சம்மாளின் தலை கதவு விளிம்பில் இடித்தது. மூன்றாம் முறை ஒருத்தி உள்ளே ஏறி இழுக்க, மற்றவர்கள் கீழிருந்து தள்ள, ஒருவழியாக ஏற்றினார்கள். மாரிக்கண்ணன் மிதித்தார். வண்டி ஒரு வண்டி நீளம் போனது. பின்சக்கரம் இரண்டும் அதே இடத்தில் சுற்ற ஆரம்பித்தன. இன்னும் மிதித்தார். கரிசல் மண் களியாகப் பறந்து பெண்களின் முகத்தில் அப்பியது. சக்கரம் இறங்கி, இறங்கி, அச்சு போய் மண்ணில் அமர்ந்தது. உயர்த்திய பாடி மட்டும் மேலே, ஒன்றுக்கும் உதவாமல், கம்பீரமாக நின்றது.

"கொஞ்சம் பொறுங்க, ரிவர்ஸ் போட்டு எடுத்துருதேன்."

ரிவர்ஸ் போட்டார். முன்னால் போட்டார். மறுபடி ரிவர்ஸ். எவ்வளவு நேரம் என்கிறீர்கள்? கால் மணி. பிச்சம்மாளின் கால் வீங்கிக்கொண்டு வந்தது. "அண்ணாச்சி, கண்ணு சொருகுது" என்றாள்.

பக்கத்துக் காட்டில் கிடை போட்டிருந்த சங்கரபாண்டி சத்தம் கேட்டு வந்தான். ஆடு மேய்க்கிறவன். வண்டியை ஒருதரம் பார்த்தான், அவளை ஒருதரம் பார்த்தான். யாரிடமும் கேட்கவில்லை. மோட்டார் கொட்டகையில் கிடந்த கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அந்தச் சீவன எறக்குங்கட்டி கீழ! அவரு வண்டி ஓட்டுறதுக்குள்ள இவ உசுரு ஓடிரும்!"

கட்டிலில் கிடத்தி, முன்னால் சங்கரபாண்டியும் ஒருத்தியும், பின்னால் இரண்டு பேரும், முழங்கால் சேற்றில் அரைக் கிலோமீட்டர் ஓட்டமும் நடையுமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தி போகும்போதே 108-க்குப் போன் பண்ணிவிட்டாள். தார் ரோட்டை இவர்கள் தொடவும் ஆம்புலன்ஸ் வரவும் சரியாக இருந்தது. அது உயர்த்தாத ஆம்புலன்ஸ். ஸ்ட்ரெச்சர் ஒரே தள்ளில் உள்ளே போனது.

பிச்சம்மாள் பிழைத்தாள். நாலு நாள் ஆஸ்பத்திரி. கால் மட்டும் ஒரு மாதம் கருத்துப்போய்க் கிடந்தது. இன்னும் ஐந்து நிமிஷம் தாமதமாயிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னதை, பக்கத்தில் நின்ற கனகலட்சுமி கேட்டாள். அவள் வீட்டுக்கு வந்தபோது மாரிக்கண்ணன் மனம் உடைந்து உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்க்கிறீர்களா? உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியாது.

சகலை பேச்சிராஜ் ராயகிரியிலிருந்து வந்திருந்தான். பிச்சம்மாளை விசாரிக்க என்றுதான் வந்தான். டிராக்டர் இழுத்து வந்து சேறோடு வாசலில் நின்ற வண்டியின் அடியில் இருவரும் குனிந்திருந்தார்கள்.

"ஒசரம் தப்பில்ல அண்ணாச்சி," என்றான் பேச்சிராஜ், டேப்பைப் பிடித்துக்கொண்டு. "டயர்தான் சின்னது."

"அதத்தான் நானும் நெனைச்சேன். ரெண்டு சைஸு பெரிய டயரு போட்டிருந்தா பிச்சம்மாள அன்னைக்கு அஞ்சு நிமிசத்துல சேத்திருப்பேன்."

"பெரிய டயரு போட்டா இடிக்கும். இன்னும் ரெண்டு இன்ச் தூக்கணும்."

"ஆறு," என்றார் மாரிக்கண்ணன். அவர் கண்ணில் ஒளி வந்தது.

கனகலட்சுமி உள்ளே போய்ச் சாவியை எடுத்தாள். முக்காலியைப் போட்டு, மூட்டு நோக ஏறி உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பினாள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பது ஊருக்குத் தெரியாது. புருஷன் பதினைந்து வருஷமாக அதற்கு வாய்ப்புக் கொடுத்ததில்லை. சகலைகள் இருவரும் சட்டென்று எழுந்து மண்டையை பம்பரில் இடித்துக்கொண்டார்கள்.

நேராக நியாஸின் பட்டறை.

"தம்பி, இத கம்பெனி குடுத்த ஒசரத்துக்கு எறக்கணும். அவரு வந்து என்ன சொன்னாலும் கேக்கக் கூடாது."

'நான் அன்றைக்கே சொன்னேன்' என்று சொல்ல நியாஸுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவன் சொல்லவில்லை. "பிச்சம்மாக்கா இப்ப எப்படி இருக்கு மயினி?" என்று கேட்டான். அந்த நாலு நாளில் வண்டிக்காரர்களில் அந்தக் கேள்வியைக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

வண்டி இறங்கியது. மாரிக்கண்ணன் இறங்கினாரா? கடைக்கு வருகிறவர்களிடம், "லோடு பேலன்ஸுக்காகக் கொஞ்சம் செட்டிங் மாத்தியிருக்கேன்" என்கிறார். மார்கழியில் பிச்சம்மாள் நொண்டி நொண்டி வேலைக்கு வந்தாள். சாயங்காலம் அவளைப் பாதையில் பார்த்து வண்டியை நிறுத்தி, "ஏறு, இப்ப ஏற லேசா இருக்கும்" என்றார். அவள் வண்டியையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"நீங்க முன்னால போங்க அண்ணாச்சி. நான் வெரசா ஊரு போய்ச் சேரணும்" என்று நடந்தாள்.

இப்படியும் ஒரு மனிதரா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நடுவில் எங்கேயாவது, 'நாலு கொஞ்சம் அதிகம்தான், இரண்டரை வைத்திருந்தால் சரியாக வந்திருக்கும்' என்று உங்களுக்குள் ஒரு எண் உதித்ததா? உதித்திருந்தால் தயவுசெய்து அந்த எண்ணை வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள். முக்கியமாக, சகலை காதில் விழவேண்டாம்.