நாலு மணிக்குள் வர வேண்டியது

17.8.1994

குளுவாங்கில் மனைவி மக்களோடு சௌக்கியமாக இருக்கும் மச்சான் மாயாண்டி அவர்களுக்கு, லாபு ரப்பர் தோட்டத்து நல்லசாமி ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை பஞ்சாலையும் நலம் என்று எழுதுவதுதான் முறை. பஞ்சாலை நலம். என் நலம் இன்று மாலை நாலு மணிக்குத்தான் தெரியும்.

ஒரு வருஷமாக ரத்தம் போனதை மூலம் என்று நானே முடிவுகட்டி, கருணைக்கிழங்காகத் தின்று தீர்த்தேன். கடைசியில் மலக்குடலில் புற்று என்றார்கள். போன வியாழக்கிழமை அறுத்து எடுத்தாயிற்று. இன்று காலை பத்து மணிக்கு மூத்திரக் குழாயையும் கழற்றிவிட்டார்கள். நாலு மணிக்குள் தானாக வர வேண்டுமாம். வராவிட்டால் மறுபடி குழாய், வீட்டுக்குப் போவதும் அதோடுதான். இப்போது மணி இரண்டு. ஏழு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டேன், ஒரு சொட்டு இல்லை. குழாயை நினைத்துக்கூட நான் இவ்வளவு பயப்படவில்லை மச்சான். நான் சொன்ன ஒரு பொய்யை நினைத்துத்தான் பயம். பஞ்சாலையின் அண்ணனிடம் சொல்லக்கூடாத சங்கதி. ஆனால் வேறு யாரிடம் போவேன்?

அறுப்பதற்கு முந்தின நாள் டாக்டர் வந்தார். சீனர், சின்ன வயசு. அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல ஒரு நர்ஸ் மிஸ்ஸி. யார் என்று நினைக்கிறீர்கள்? நம் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி மணியத்தின் மகள் தாயம்மா! சட்டை போடாமல் ஸ்டோர் வாசலில் ஓடித் திரிந்த பிள்ளை, வெள்ளை உடுப்பில் நிற்கிறது. டாக்டர் தாளில் படம் போட்டார். புற்றுக்கு ரெண்டு பக்கமும் நூல் மாதிரி நரம்புகள் ஓடுகின்றனவாம். மூத்திரம் போவதும் அந்த நரம்புகளால்தான், புருஷன் பெண்டாட்டி விவகாரமும் அவற்றால்தான். நோய் அதில் ஒட்டாமல் இருந்தால், நரம்பைத் தொடாமல் புற்றை மட்டும் எடுக்கப் பார்ப்பேன் என்றார். எனக்குச் சட்டென்று புரிந்தது. முப்பத்திரண்டு வருஷம் பால்வெட்டுக்காரர்களை மேய்த்த மண்டோராக நான் வேறென்ன கத்தினேன்? பட்டையை வெட்டு, மரத்தில் காயம் போடாதே! காயம் போட்டவர்களை நான் பேசிய பேச்சு உங்களுக்கே தெரியும், நீங்களும் வாங்கியிருக்கிறீர்கள். "டாக்டர், கையக் காட்டுங்க" என்றேன். காட்டினார். நடுங்காத கை.

அதோடு விட்டிருக்கலாம். டாக்டர் ஏதோ கேட்க, தாயம்மா என் முகத்தைப் பார்க்காமல், "மாமா, ஆப்பரேசனுக்கு முன்ன எப்படி இருந்திச்சின்னு எழுதணுமாம் லா. நீங்களும் அத்தையும்... இன்னும் சேர்ந்துதான் இருக்கீங்களா?" என்றாள். பஞ்சாலை பக்கத்திலேயே நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த கட்டில் ராமசாமி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். அறுபத்தொரு வயசு, தீமிதிக் கமிட்டித் தலைவர், என்ன சொல்லட்டும்? "அதெல்லாம் எப்பவோ முடிஞ்சி போச்சி, தாயி. அந்த நரம்பு நமக்கு எதுக்கு?" என்று பெரிதாகச் சிரித்தேன். டாக்டர் எழுதிக்கொண்டார். பொய் மச்சான், முனியாண்டி சத்தியமாகப் பொய். படிக்க உங்களுக்கே இவ்வளவு கூச்சமென்றால் எழுதுகிற எனக்கு எப்படி இருக்கும்?

இப்போது ஒரு சொட்டு வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? வேண்டாத நரம்புதானே என்று வெட்டிவிட்டார். அவர்மேல் தப்பில்லை, நானே கத்தியை எடுத்துக் கொடுத்தேன். தாயம்மாவிடம் கேட்க வாய் வரவில்லை. பஞ்சாலையோ அன்றிலிருந்து என்னிடம் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளை நாலு பேர் முன்னால் வேண்டாம் என்று சொன்னது போல ஆகிவிட்டது. பயமாக இருக்கிறது மச்சான். புற்று என்று சொன்ன அன்றுகூட இப்படிப் பயப்படவில்லை.

ஆகவே கடிதம் கண்டதும் முதல் பஸ்ஸில் புறப்பட்டு வாருங்கள். டாக்டரைத் தனியாகப் பிடித்து, நரம்பு இருக்கிறதா இல்லையா என்று ஆம்பளைக்கு ஆம்பளையாகக் கேட்டுச் சொல்லுங்கள். பஞ்சாலைக்கு மட்டும் தெரிய வேண்டாம். மணி மூணு. எட்டாவது கிளாஸ் குடிக்கிறேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசி. முனியாண்டி சாமி உங்களையும், முடிந்தால் என்னையும், காக்கட்டும்.

இப்படிக்கு,
நல்லசாமி

பின்குறிப்பு: மணி மூணு நாற்பது. வந்துவிட்டது! தாயம்மா ஜாடியில் அளந்து பார்த்துக் கைதட்டினாள். ராமசாமி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார். அந்தச் சந்தோஷத்தில் வாய் தவறி, "அப்ப நரம்ப வெட்டலையா?" என்று கேட்டுவிட்டேன். தாயம்மா சிரித்துவிட்டாள். "நீங்க வேணான்னா வெட்டிருவாரா, மாமா? ரெண்டு பக்கமும் பத்திரமா இருக்கு. மத்தது எப்படின்னு தெரிய மாசக்கணக்காகும், பொறுமையா இருங்க. நீங்க சொன்னத நாங்க நம்பவும் இல்ல லா. அன்னிக்கே அத்தை வராந்தா வரைக்கும் என் பின்னால வந்து, 'அந்த ஆளு பொய் சொல்றாரு, அத அடிச்சிட்டு எழுதும்மா'ன்னு சொல்லிட்டாங்க."

ஆகவே நீங்கள் வர வேண்டாம். வந்தாலும் டாக்டரிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். பஞ்சாலை ஒரு ஆரஞ்சுச் சுளையை என் கையில் வைத்து, "அண்ணனுக்கா கடுதாசி? அதுலயாவது உண்மைய எழுதுனீங்களா?" என்று கேட்டாள்.

எழுதிவிட்டேன் என்றேன். தபாலில் போட அவளே வாங்கிக்கொண்டு போகிறாள்.